வாய், உடம்பு, அன்றாட வாழ்க்கை: குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்ததும், சில சமயம் எழுந்து கிளம்பும்போது கதவருகே நின்றும், பெரியவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. வேலை, குடும்பம், கடன், கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களையும் வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பல்வலியும் மேல்வலியும் யாருக்குத்தான் இல்லை? எப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

கடுமையான வலி வந்தால் யாரும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார்கள். எனக்குக் கவலை தருவது மெல்ல மெல்ல வருகிற தொந்தரவு. இடது பக்கம் கூசுகிறது என்று வலது பக்கமாகவே மென்று பழகிவிடுவார்கள். பிறகு முறுக்கு வேண்டாம், வறுத்த மீன் வேண்டாம் என்பார்கள். கொஞ்ச நாளில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காராமல் பாயசம் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கேட்டால் "ஒண்ணுமில்ல". தேங்காய்த் துண்டு கடித்து வருஷக்கணக்கானவருக்கு அது ஒரு நோயாகவே தோன்றுவதில்லை, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்.

அதனால் "எவ்வளவு வலிக்கிறது?" என்பதோடு "எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பல் மருத்துவ ஆய்வுகளிலும் இப்படிக் கேட்பதற்கென்றே வினாப்பட்டியல்கள் இருக்கின்றன. 1997-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பயன்படும் ஒன்றில் 14 கேள்விகள். பேச்சு குழறியதா, ருசி குறைந்ததா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்களா, பிறர் முன்னால் கூச்சப்பட்டீர்களா, வழக்கமான வேலை தடைப்பட்டதா என்று போகும். வாய், பல் கோளாறால் இவற்றில் ஏதாவது ஒன்று கடந்த ஒரு மாதத்தில் அடிக்கடி நடந்திருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பகல்ல ஒரு குழப்பமும் இல்ல. ராத்திரி படுத்தாதான் பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஏன்?

சொத்தை பல்லின் நடுவில் இருக்கும் நரம்புக்கூழை எட்டிவிட்டது என்பதற்கு இது முக்கியமான அடையாளம். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடும். பல்லுக்குள் இருக்கும் வீக்கத்துக்கு விரிய இடம் கிடையாது, சுற்றிலும் கெட்டியான சுவர். அதனால்தான் தெறிக்கிறது. பகலில் வேலையின் கவனத்தில் தெரியாததும் ராத்திரி அமைதியில் முழுசாகத் தெரியும்.

இதை ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சொல்லும்போது கேட்கவே கஷ்டமாக இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்புதான் பால் நன்றாக ஓடும். அதனால் குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கத்துத் தொழிலாளிகள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். ராத்திரி தூங்காதவர் கையில் கூர்மையான கத்தி, காலடியில் ஈரமான சரிவு. வெட்டு ஆழமாக இறங்கினால் மரத்துக்கும் காயம், கை தவறினால் ஆளுக்கும் காயம். ஒரு சொத்தைப் பல் இவ்வளவு தூரம் வரும்.

தலையணையை உயர்த்திப் படுத்தால் அன்றைய ராத்திரி கொஞ்சம் சமாளிக்கலாம். வேர் சிகிச்சை செய்வதா, பல்லை எடுப்பதா என்ற முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு வாரம் வலித்தது, பிறகு தானாகவே நின்றுவிட்டது. குணமாகிவிட்டதா?

இல்லை. பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டிருக்கும். வேர் நுனியில் சீழ் சேரத் தொடங்கும், ஈறில் சின்னக் கொப்புளம் மாதிரி வந்து உடையும். அந்தச் சமயத்தில் வந்தால்கூடப் பல பற்களைக் காப்பாற்ற முடியும்.

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அதில் என்ன தப்பு?

ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தப்பு என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல மாட்டேன். ஆனால் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் வகை மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். காலையில் பல்லுக்கு ஒரு மாத்திரை, சாயங்காலம் நடுவு வலிக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, இன்னொரு மாத்திரை என்று போடுகிறவர்கள் இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மருந்துதான் இரண்டு பெயர்களில் இருக்கும்.

அவசரத்துக்கு பாரசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது. அதுவும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தினமும் மது குடிப்பவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகவே வாங்காதீர்கள். வீக்கம் வடிந்த மாதிரி இருக்கும், சொத்தை அப்படியேதான் இருக்கும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்கவே வைக்காதீர்கள். சதை வெந்துவிடும், பிறகு பல்வலியோடு புண் வலியும் சேர்ந்துகொள்ளும்.

கிராம்பு எண்ணெய், உப்புத் தண்ணீர், உமிக்கரி?

கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது. உமிக்கரி வேண்டாம். பளபளப்பு கூடுவதாகத் தோன்றும், ஆனால் பல்லின் மேல்தோடு தேய்ந்து கூச்சம் வரும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டும் மென்மையான பிரஷும் போதும். காலையில் மட்டும் போதாது, ராத்திரி படுக்கும் முன்பும் தேய்க்க வேண்டும்.

சர்க்கரை இருக்கிறது. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நெருங்கிய சம்பந்தம் உண்டு, அதுவும் இரண்டு பக்கமாக. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கிருமிகளை எதிர்க்கும் பலத்தை இழக்கிறது. ஈறில் நீடிக்கும் அழற்சி திரும்ப ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் தொடரும்போதே கிடைக்கும் கூடுதல் பலன் அது. எனக்கு அது பெரிய விஷயமாகவே படுகிறது.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படி நுழைகிறது என்று பாருங்கள். ஈறு நோயால் பல் ஆடுகிறது. கடித்துத் தின்ன முடியவில்லை. பயறு, கீரை, கொய்யா எல்லாம் தட்டிலிருந்து போகின்றன. பதிலுக்குக் குழையவிட்ட கஞ்சி, மரச்சீனிக் கிழங்கு, டீயில் நனைத்த பன் வருகின்றன. கிழங்கும் கஞ்சியும் நம் ஊரின் நல்ல சாப்பாடுதான். ஆனால் மூன்று வேளையும் அதுவே என்றானால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சர்க்கரை ஏறினால் ஈறு மேலும் கெடும். ராத்திரி நாலு தடவை எழுந்து சிறுநீர் கழிப்பார், காலையில் சோர்வு, பிரஷை எடுக்கவே மடி. இந்தச் சுற்றை எங்கே வெட்டினாலும் பலன் உண்டு. ஈறைச் சுத்தம் செய்வதுதான் அதில் எளிய இடம்.

ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தம் இன்னும் அதிகமாக வரும். பற்களைச் சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, மேலே படிந்த காரை அதை மறைத்துவைத்திருந்தது.

எப்போதும் வாய் வறண்டிருக்கிறது. ராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

முதலில் உங்கள் மாத்திரைகளைக் காட்டுங்கள். அலர்ஜி, மன அழுத்தம், சிறுநீர்ப் பை கோளாறு, சில வகை ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் எச்சிலைக் குறைக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் குறைக்கும். தொண்டை, தாடைப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இந்த வறட்சி கடுமையாக இருக்கும். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாக வரும், செட் பல் நிற்காது, உலர்ந்த சோறு இறங்காது. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரைச் சின்னச் சின்ன மிடறாகக் குடியுங்கள். மிட்டாயை வாயில் அடக்கி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

எங்க ஐயா, அவங்க ஐயா எல்லாரும் முறுக்கான் போட்டவங்கதான். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?

முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு, போட்ட சிலருக்கு ஆகவில்லை. பலருக்கு ஆனது, நம் ஊர் மருத்துவமனையிலேயே பதிவாகியிருக்கிறது. 1838-ல் தொடங்கிய நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு அந்தக் காலத்தில் தென் திருவிதாங்கூர் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். கன்னத்திலும் தாடையிலும் புற்று வந்தவர்கள் அவர்களில் ஏராளம். திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி அங்கே பணியாற்றிய ஆர் (Orr) என்ற மருத்துவர் 1933-ல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார். இந்த மண்ணின் நோயாளிகளைப் பார்த்து எழுதப்பட்ட எச்சரிக்கை அது. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும் அதே கேள்வியை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

போயிலை சேர்க்காமல் வெறும் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் போட்டால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, போயிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாகச் சொல்லிவிட்டது. குற்றவாளி பாக்குதான், போயிலை அதோடு சேர்ந்தால் ஆபத்து பெருகும். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் தடை இருக்கிறது, ஆனாலும் பொட்டலங்கள் கைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

புற்றுக்கு முன்பே பாக்கு செய்யும் இன்னொரு கெடுதலை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கன்னத்தின் உள்தோல் மெல்ல இறுகி நார்போலத் தடித்துவிடும். முதலில் மீன்குழம்பு வைத்த சோறு வாயில் பட்டதும் எரியும். வீட்டில் காரத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை வரும், பிறகு அவருக்கென்று தனிக் குழம்பு வைப்பார்கள். அடுத்து வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை நிறுத்தி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் உடனே காட்டுங்கள். நாளாக நாளாகச் சோற்று உருண்டை உள்ளே போகாது, கொட்டாவி விட முடியாது, விசில் அடிக்க முடியாது. இறுகிய கன்னத்தை முழுக்கப் பழையபடி ஆக்க இன்றைக்கும் மருந்து இல்லை. பாக்கை விட்டால் மேலும் இறுகுவது குறையும், பயிற்சியும் சிகிச்சையும் ஓரளவு திறக்க உதவும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் வலியில்லாத கட்டி: இவை இருந்தால் முறுக்கான் போடாதவர்களும் காட்ட வேண்டும். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று காத்திருப்பதுதான் ஆட்களைக் கொல்கிறது.

வாய் நாற்றம் என்று மனைவி சொல்கிறாள். வெளியே பேசவே கூசுகிறது.

அவர் சொன்னது உங்கள் நல்லதுக்கு. மற்றவர்கள் சொல்லாமல் நகர்ந்துவிடுவார்கள். கடையில் உட்காருகிறவர், ஆசிரியர், பஸ் கண்டக்டர் போன்றவர்களுக்கு இது பிழைப்பையே தொடும். பெரும்பாலும் காரணம் வாய்க்குள்தான் இருக்கும்: ஈறு நோய், நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளை மாவு, சொத்தைக் குழியில் சிக்கும் சாப்பாடு, வறட்சி, பீடி. நாக்கையும் வழியுங்கள், ஈறைக் காட்டுங்கள். இதையெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் மூக்கு, சைனஸ், வயிறு என்று தேடலாம். ஏலக்காயைப் போட்டு மறைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டாம்.

முட்டு வலியும் நடுவு வலியும் தாங்க முடியவில்லை. இதில் பல்லைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குந்தியிருந்து பருப்பு உடைக்கும், தோல் உரிக்கும் பெண்கள் இதை நிறையச் சொல்வார்கள். முந்திரித் தோட்டில் இருக்கும் கார எண்ணெய் கைத்தோலை வேறு பொத்துவிடும். விரல்கள் அப்படி இருக்கும்போது பிரஷைப் பிடிப்பதே பாடு. முட்டு மடங்காதவர் சாயங்காலம் குழாயடிக்குப் போய் நின்று பல் தேய்க்க மாட்டார். உடம்பு வலி முதலில் தின்பது இந்தச் சின்னப் பராமரிப்புகளைத்தான். பிரஷின் பிடியில் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க எளிது. நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு தேய்க்கலாம். வேலைக்கு நடுவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நிற்பது முட்டுக்கும் இடுப்புக்கும் நல்லது.

கால் மரத்துப்போவது, கால் பலம் இழப்பது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்த முதுகு வலி இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். நடுவில் பல் வலித்தால்?

தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு இது நிஜமான பயம். கரைக்குத் திரும்பினால் டீசல் செலவு மொத்தமும் வீண், திரும்பாவிட்டால் தூக்கமில்லாமல் வலை இழுக்க வேண்டும். போவதற்கு முன்பே பரிசோதித்து, கூசும் பல்லை அடைத்துக்கொள்வதுதான் வழி. பல் எடுக்க வேண்டுமென்றால் படகு ஏறும் நாளுக்கு முந்தின நாள் எடுக்காதீர்கள். ஒரு வாரமாவது கரையில் இருங்கள்.

கீழ்த்தாடை வலிக்கிறது, ஆனால் சொத்தை எதுவும் இல்லை என்கிறார்கள்.

நடந்தால், படி ஏறினால் வருகிறதா? உட்கார்ந்தால் குறைகிறதா? கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், இடது கை கடுப்பு, நெஞ்சு அடைப்பு உண்டா? இருந்தால் அது இதயமாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே இப்படி வருவதுண்டு. பல் டாக்டரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேறு எதற்கெல்லாம் உடனே ஓட வேண்டும்?

தாடைக்கு அடியில் வீங்கி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனால் சீழ் கழுத்துக்குள் இறங்குகிறது என்று பொருள். மூச்சு அடைபடலாம். கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கினாலும், காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, இன்னும் அருகில் பெரிய மருத்துவமனை இருந்தால் அங்கேயோ ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுங்கள்.

பல்லெல்லாம் எடுத்தாச்சு. செட் கட்டியும் பெட்டியிலேதான் கிடக்கு.

பல் போன இடத்து எலும்பு வருஷா வருஷம் கரையும். அதனால் செட் தளர்ந்துவிடும், உராய்ந்து புண்ணாகும். உட்புறத்தை நிரப்பிச் சரிசெய்ய முடியும். புதிதாகக் கட்டியவர்கள் முதலில் மென்மையானவற்றைச் சின்னத் துண்டுகளாக்கி, இரண்டு பக்கமும் சமமாக மெல்லப் பழகுங்கள். ராத்திரி கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போடுங்கள்.

நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வி குமரி மாவட்டத்தின் எத்தனையோ வீடுகளுக்குப் பொருந்தும். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன் மக்களே" என்றுதான் பதில் வரும். என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். நாலு நாளும் கஞ்சி என்றால் அதில் செய்தி இருக்கிறது. கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசல் தெருவுக்கோ கடைசியாக எப்போது போனார், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாரா, போட்டோவில் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். வீடியோவில் பேசும்போது ஒரு கன்னம் வீங்கியிருக்கிறதா, உடை தளர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

அவர் படுக்கையில் இருந்தால், பார்த்துக்கொள்கிறவரிடம் வாயைச் சுத்தம் செய்வதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் தினம் இரண்டு முறை துடைக்க வேண்டும், தலையை உயர்த்தி வைத்து ஊட்ட வேண்டும். அழுக்கான எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

வலி தீரவே இல்லை. எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். மனசும் கெட்டுவிட்டதோ?

மாதக்கணக்கில் வலியும் தூக்கக் குறைவும் இருந்தால் எரிச்சல், ஆர்வமின்மை, அழுகை எல்லாம் வரும். அது உங்கள் குணக்கேடு இல்லை. மனச்சோர்வு வந்தால் வலியும் கூடுதலாகத் தெரியும், ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எங்கே போவது? டாக்டரிடம் என்ன சொல்வது?

ஆசாரிப்பள்ளத்திலும் அரசு தாலுகா மருத்துவமனைகளிலும் பல் மருத்துவரைப் பார்க்கலாம். குலசேகரத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது. பல் கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு, நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

உள்ளே போனதும் "பல்லு வலிக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "வலது பக்கம் மெல்ல முடியாமல் ஆறு மாதம் ஆகிறது, ராத்திரி இரண்டு தடவை முழிப்பு வருகிறது, போன வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டால்தான் மருத்துவருக்கு எது அவசரம் என்று புரியும். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, கர்ப்பம், இதயத்தில் ஸ்டென்ட் என்று எது இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் எடுப்பதற்காக அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. எலும்பு மெலிவுக்கோ (ஆஸ்டியோபோரோசிஸ்) புற்றுநோய்க்கோ ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பல் எடுத்த இடம் ஆறாமல் போகலாம். மாத்திரைப் பெயர் நினைவில் நிற்காது. காலி அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.